திரும்பி வரவேண்டிய பணத்துக்குத் தரகு எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் 68 வயதுக் கைம்பெண். அரசு தரும் முதியோர் உதவித்தொகையில்தான் என் காலம் ஓடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தளவாடக் கடையில் குளிர்சாதனப் பெட்டியும் கட்டிலும் தவணையில் வாங்கினேன். மாதத் தவணையோடு ‘இன்சூரன்ஸ்’ என்று ஒரு தொகையையும் பிடித்து வருகிறார்கள். அதில் வேலையிழப்புக்கான காப்பும் சேர்ந்திருப்பதை என் மருமகள் அண்மையில்தான் கண்டுபிடித்தாள். நான் வேலையை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த நிலையில் ஒரு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் பேசினார்கள். தவறாக விற்ற காப்பீட்டுப் பணத்தை மீட்டுத் தருவதாகவும், மீளும் தொகையில் 30 விழுக்காடும் அதற்கு மதிப்புக்கூட்டு வரியும் தங்களுக்குத் தரவேண்டும் என்றும், கோப்பு திறக்க 750 ரேண்ட் முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். தங்கள் வழியாகப் போனால்தான் கடைக்காரர்கள் மதிப்பார்களாம். கையெழுத்துப் போடலாமா?

பதில்: அன்புள்ள அம்மா, இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். முதல் கடிதத்தை உங்கள் மருமகளின் துணையோடு நீங்களே எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கும் அதற்குப் பின் வரும் முறையீட்டுக்கும் தென்னாப்பிரிக்காவில் ஒரு சதம்கூடக் கட்டணம் இல்லை என்பதைச் சொல்லாமல்தான் அந்த நிறுவனம் உங்களிடம் பேசியிருக்கிறது.

முதலில், உங்களுக்கு விற்றது தவறானதுதானா என்று பார்ப்போம். கடனோடு காப்பீடு சேர்ந்திருப்பதே குற்றமாகிவிடாது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டத்தின் 106ஆம் பிரிவு, கடன் கொடுப்பவர் நிலுவைத் தொகைக்கு மிகாத அளவில் கடன் ஆயுள் காப்பீடு (கடன் வாங்கியவருக்கு இறப்போ வேலையிழப்போ நேர்ந்தால் மீதிக் கடனைக் கட்டும் காப்பீடு) எடுக்கும்படி கேட்க இடம் தருகிறது. அதே பிரிவுதான், அவர் தரும் காப்பீட்டை மறுத்து உங்களுக்கு விருப்பமான வேறொரு காப்பீட்டை அதன் இடத்தில் வைக்கும் உரிமையை உங்களுக்குத் தருவதோடு, நியாயமற்ற காப்பீட்டையோ நியாயமற்ற விலையிலோ விற்கக் கூடாது என்றும் சொல்கிறது. வேலையில் இல்லாத ஒருவருக்கு வேலையிழப்புக் காப்பை விற்பது, அவர் ஒரு நாளும் கோர முடியாத ஒன்றுக்கு மாதா மாதம் பணம் வாங்குவதாகும். நியாயமற்ற காப்பீடு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆகவே உங்கள் வழக்கு வலுவானது. வலுவான வழக்கு என்பதால்தான் அந்த நிறுவனமும் உங்களைத் தேடி வருகிறது.

விலையையும் பாருங்கள். 2017 ஆகஸ்ட் 10க்குப் பின் செய்யப்பட்ட கடன் ஒப்பந்தங்களுக்குக் கடன் ஆயுள் காப்பீட்டின் விலைக்கு அரசு உச்சவரம்பு விதித்துள்ளது. வீட்டுக் கடன் அல்லாத பொதுவான கடன்களில் ஒவ்வொரு 1,000 ரேண்டுக்கும் மாதம் 4.50 ரேண்டுக்கு மேல் வாங்க முடியாது. வீட்டுக் கடனில் அது 2 ரேண்ட். அதாவது 20,000 ரேண்ட் கடனுக்கு மாதம் 90 ரேண்டுக்கு மேல் பிடித்திருந்தால் அதுவே தனியாக ஒரு புகாராகும். உங்கள் கணக்கு விவரத்தை எடுத்து, காப்பீடு என்ற வரியில் உள்ள தொகையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி மருமகளிடம் சொல்லுங்கள்.

இனி அந்த நிறுவனம் கேட்கும் கட்டணத்துக்கு வருவோம். 30 விழுக்காடு என்று கேட்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றுதான் தோன்றும். உங்களுக்கு 9,000 ரேண்ட் திரும்பி வருவதாக வைத்துக்கொள்வோம். கட்டணம் 2,700 ரேண்ட். அதன் மேல் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி 405 ரேண்ட். முன்பணமாகக் கட்டிய 750 ரேண்டையும் சேர்த்தால் மொத்தம் 3,855 ரேண்ட் உங்கள் கையை விட்டுப் போகிறது. மீதி 5,145 ரேண்ட். உதவித்தொகையில் வாழும் ஒருவருக்கு அந்த 3,855 ரேண்ட் எத்தனை மாத மளிகை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதைவிடக் கொடியது இன்னொன்று உண்டு. உங்கள் தவணைக் கணக்கில் இன்னும் நிலுவை இருக்கிறதல்லவா? திரும்ப வரவேண்டிய பணத்தைக் கடைக்காரர் முழுவதும் உங்கள் கையில் தராமல், அதில் ஒரு பகுதியை அந்த நிலுவையில் கழித்துக்கொள்ளக் கூடும். 9,000 ரேண்டில் 6,500 ரேண்டை நிலுவையில் கழித்துவிட்டு 2,500 ரேண்டை மட்டும் உங்கள் வங்கிக் கணக்கில் போட்டால், நிறுவனமோ தன் 30 விழுக்காட்டை 9,000 ரேண்டின் மேல் கணக்கிட்டு, வரியோடு 3,105 ரேண்டுக்கு விலைச்சீட்டு அனுப்பும். வந்த பணம் முழுவதையும் கொடுத்த பின்னும் 605 ரேண்டைச் சொந்தக் கையிலிருந்து தேட வேண்டிய நிலை வரும். இங்கிலாந்தில் கடன் தவணைக் காப்பீட்டை வங்கிகள் பெருமளவில் தவறாக விற்று, பின்னர் 3,800 கோடி பவுண்டுக்கும் மேல் திருப்பித் தந்த காலத்தில், மீட்பு நிறுவனங்களை நம்பிய ஏழை மக்கள் பலரை வாட்டியது இந்தச் சிக்கல்தான். ஒப்பந்தத்தில் ‘மீட்கப்பட்ட தொகை’ என்று இருக்கிறதா, ‘வாடிக்கையாளர் கையில் பெற்ற தொகை’ என்று இருக்கிறதா என்ற ஒரு சொல் வேறுபாட்டில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அடுத்ததை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். உங்கள் காப்பீட்டில் வேலையிழப்புப் பகுதிதான் பயனற்றது. இறப்புக்கான பகுதி பயனற்றதன்று. நாளை உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், மீதித் தவணையை உங்கள் பிள்ளைகளிடம் கேட்காமல் காப்பீடு கட்டிவிடும். 68 வயதில், அதுவும் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால், புதிதாக ஒரு காப்பீட்டை இதே விலையில் வாங்குவது எளிதன்று. விழுக்காட்டில் கூலி வாங்கும் நிறுவனத்துக்குத் தொகை எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவு ஆதாயம் என்பதால், முழுக் காப்பீட்டையும் செல்லாததாக்கி எல்லாப் பணத்தையும் கேட்கவே அது விரும்பும். என் அத்தைக்கு இப்படித்தான் நடந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனம் அவருக்குச் சில ஆயிரம் ரேண்ட் வாங்கித் தந்தது உண்மை. ஆனால் அவர் காலமானபோது கடனுக்குக் காப்பீடு எதுவும் இல்லாமல், என் அத்தான்தான் அதைக் கட்டி முடித்தார். வேலையிழப்புப் பகுதிக்கான தொகையை மட்டும் திருப்பித் தரும்படியும், இறப்புக் காப்பு தொடர வேண்டும் என்றும் கேட்கலாம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அன்று யாரும் இல்லை.

கடிதத்தை எப்படி எழுதுவது? பெரிய வித்தை ஒன்றுமில்லை. கடன் ஒப்பந்தத்தின் நகலும், காப்பீட்டுச் சான்றின் நகலும், தொடக்கத்திலிருந்து இன்று வரையிலான கணக்கு விவரமும் முதலில் வேண்டும் என்று கடையின் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அவை வந்ததும், ஒப்பந்தம் செய்த நாளில் நீங்கள் வேலையில் இல்லை, உதவித்தொகை பெற்று வந்தீர்கள், விற்பனையாளருக்கு அது தெரியும் அல்லது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்பதை நாள் குறிப்போடு எழுதுங்கள். கடன் விண்ணப்பத்தில் வருமானம் என்ற இடத்தில் உதவித்தொகை என்று அவர்களே எழுதியிருப்பார்கள். அந்தத் தாள் உங்கள் கையில் உள்ள முதன்மையான சான்று. வேலையிழப்புக் காப்புக்காகப் பிடித்த தொகையை வட்டியோடு திருப்பித் தரவும், இனி அதைப் பிடிக்காமல் நிறுத்தவும் கேளுங்கள். வேறு காப்பீட்டை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பதை அன்று உங்களிடம் சொன்னார்களா என்றும் ஒரு வரியில் கேளுங்கள். மறுமொழி தர ஆறு வாரம் அவகாசம் குறிப்பிட்டு, புகார் எண் ஒன்றைக் கேட்டு வாங்கி, தொலைபேசியில் பேசினால் பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

நம் நாட்டு அரசமைப்புச் சட்டம் மதித்துப் போற்றப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அது ஆட்சி மொழி அன்று என்பதால் ஒப்பந்தத்தைத் தமிழில் தரும்படி கேட்க முடியாது. இருந்தாலும், ஆவணம் எளிய, புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது கடன் சட்டத்தின் விதி. ஆகவே புரியாத வரிகளைச் சுட்டிக்காட்டி விளக்கம் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கடை மறுத்தாலோ பதிலே தராவிட்டாலோ, என்.எஃப்.ஓ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்புக்குச் செல்லுங்கள். வங்கி, கடன், ஆயுள் காப்பீடு, பொதுக் காப்பீடு ஆகியவற்றுக்குத் தனித்தனியாக இருந்த நான்கு குறைதீர்ப்பு அலுவலகங்கள் 2024 மார்ச் 1 முதல் இதில் ஒன்றாகிவிட்டன. முறையிடுபவரிடம் அது கட்டணம் வாங்குவதில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. உங்களுக்குக் காப்பீட்டை ஓர் ஆலோசகர் தவறான ஆலோசனை சொல்லி விற்றிருந்தால், ஃபைஸ் எனப்படும் நிதி ஆலோசனை, இடைநிலைச் சேவைச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிதி ஆலோசனைக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். அங்கும் கட்டணம் இல்லை. கடையின் விற்பனை முறையே சட்டத்துக்கு மாறானது என்று தோன்றினால், தேசியக் கடன் ஒழுங்காணையத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இத்தகைய கோரிக்கைகளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதில், நீங்கள் உண்மையை அறிந்த நாளும் அறிந்திருக்க வேண்டிய நாளும் கருத்தில் கொள்ளப்படும் என்றாலும், அந்த வாதத்தை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மீட்பு நிறுவனத்திடம் கோப்பைக் கொடுத்துவிட்டு, நடக்கிறது நடக்கிறது என்று காத்திருக்கும்போதே காலவரம்பு தாண்டிவிடும் ஆபத்து உண்டு. இந்த மாதத்திலேயே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

நிறுவனங்களை நான் முற்றாகத் தள்ளவில்லை. பல கணக்குகள், கடன் கொடுத்தவர்கள் பலர், பத்து ஆண்டுப் பழைய தாள்கள், உதவ வீட்டில் யாரும் இல்லாத நிலை, உடல் நலமின்மை என்று எல்லாம் சேர்ந்தால், கூலி கொடுத்து ஒருவரை அமர்த்துவது தவறன்று. அப்போதும் வழக்கறிஞரை முதலில் கேட்டுப் பாருங்கள். வென்றால்தான் கட்டணம் என்ற முறையில் அவர்கள் வாங்கும் தொகைக்கு 1997ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று எல்லை வகுத்திருக்கிறது: வழக்கமான கட்டணத்தின் இரு மடங்குக்கோ, கிடைக்கும் தொகையில் 25 விழுக்காட்டுக்கோ மேல் அவர்கள் வாங்க முடியாது. அந்தச் சட்டம் வழக்கறிஞர்களுக்கானது. உங்களைத் தொலைபேசியில் அழைத்த நிறுவனம் கேட்பதோ அந்த எல்லைக்கு மேல். நிதிச் சேவை உரிம எண் உண்டா என்று நிறுவனத்திடம் கேட்டு, நிதித்துறை நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் அதைச் சரிபாருங்கள். முன்பணம் கேட்கும் எவரையும் அப்போதே விட்டுவிடுங்கள். உங்கள் வழக்கில் உண்மையான நம்பிக்கை உள்ளவர் வென்ற பின் கூலி வாங்கக் காத்திருப்பார்.

கேள்வி: நானும் என் தம்பியும் ஃபீனிக்ஸில் இருக்கிறோம். ஆறு மாதங்களுக்கு முன் கடைத்தெருவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் தம்பி இதே போன்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டான். அதற்குப் பின் எந்தத் தகவலும் இல்லை. விலகினால் அபராதம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கையெழுத்திட்ட தாளின் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள். நகல் தர மறுத்தால் அதுவே உங்கள் தம்பியின் பக்கம் நிற்கும் சான்று. நேரடி விற்பனையின் வழியாகச் செய்த ஒப்பந்தத்திலிருந்து ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகும் உரிமையை 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. அந்தக் கெடு கடந்துவிட்டது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குச் செய்த ஒப்பந்தமாக இருந்தால், இருபது வேலை நாள் அறிவிப்புக் கொடுத்து விலக அதே சட்டம் வழிவிடுகிறது. அப்போது அவர்கள் வாங்கக்கூடியது நியாயமான ஒரு தொகைதானே தவிர, வாய்க்கு வந்த அபராதம் அன்று. ஆறு மாதத்தில் என்ன வேலை செய்தார்கள், எந்தத் தேதியில் யாருக்குக் கடிதம் அனுப்பினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்றும் செய்யாதவர் செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது.

அவன் கையெழுத்திட்ட தாள்களில் அதிகாரப் பத்திரம் ஒன்று இருக்கும். இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். அந்தப் பத்திரத்தின் பேரில், வரும் பணம் நேராக நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போகவும், தம்பியின் பெயரில் அவர்களே சமரசத்துக்கு ஒப்புக்கொள்ளவும் முடியும். அதிகாரத்தைத் திரும்பப் பெறுவதாக நிறுவனத்துக்கு ஒரு கடிதமும், கடன் கொடுத்தவருக்கும் காப்பீட்டாளருக்கும் தனித்தனியாக ஒரு கடிதமும் எழுதி, இன்று முதல் தன்னோடு மட்டுமே தொடர்பு கொள்ள வேண்டும் என்று தம்பி தெரிவிக்க வேண்டும். அடையாள அட்டை நகல், வங்கி விவரம் ஆகியவற்றை அழித்துவிடும்படி தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி கேட்கவும் உரிமை உண்டு.

ஏற்கெனவே கோரிக்கை அனுப்பப்பட்டிருந்தால், அதே கோரிக்கையைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. புகார் எண்ணைக் கடன் கொடுத்தவரிடமே கேட்டு, அங்கிருந்து தம்பியே தொடரலாம். அனுப்பப்படவே இல்லை என்று தெரிந்தால், மேலே சாட்ஸ்வொர்த் அம்மாவுக்குச் சொன்ன கடிதத்தை இன்றே எழுதத் தொடங்குங்கள்.

கேள்வி: என் அண்ணன் இங்கிலாந்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மெரபேங்க் திரும்பியவர். அங்கே வைத்திருந்த கடன் அட்டையில் பிடித்த காப்பீட்டுப் பணம் இன்னும் கிடக்கிறது என்றும், 200 பவுண்ட் கட்டினால் வாங்கித் தருவதாகவும் ஒருவர் அழைக்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் கடன் தவணைக் காப்பீட்டுக்கான புகார்களை ஏற்கும் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. கடுமையான நோய் போன்ற அரிதான காரணத்தால் அந்த நாளுக்குள் புகார் தர முடியாமல் போனவர்களைத் தவிர மற்றவர்களின் கோரிக்கையை வங்கிகள் பார்க்க வேண்டிய கடமை இல்லை. அப்படி ஒரு காரணம் உங்கள் அண்ணனுக்கு இருந்தால், அவரே வங்கிக்கு எழுதலாம். மறுத்தால் அந்நாட்டின் நிதிக் குறைதீர்ப்பு அலுவலகத்துக்குக் கட்டணமின்றி முறையிடலாம்.

அங்கே தொழில் சட்டப்படி நடந்த காலத்திலும், மீட்பு நிறுவனங்கள் இந்தக் காப்பீட்டுக்கு வாங்கக்கூடிய கட்டணத்தை 2018 ஜூலை முதல் 20 விழுக்காடும் வரியும் என்று சட்டம் கட்டுப்படுத்தியது. 2019 ஏப்ரல் முதல் அந்த நிறுவனங்கள் அந்நாட்டின் நிதி நடத்தை ஆணையத்தின் அனுமதி பெற்றே இயங்க வேண்டும் என்றாயிற்று. இன்று முன்பணமாக 200 பவுண்ட் கேட்பவரின் நிறுவனப் பெயரை அந்த ஆணையத்தின் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். பெயர் அங்கே இருந்தாலும், அழைத்தவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்தானா என்பதைப் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு அண்ணனே அழைத்து உறுதிசெய்ய வேண்டும். ஏற்கெனவே வங்கி அட்டை எண்ணையோ கடவுச்சீட்டு நகலையோ அவருக்குக் கொடுத்திருந்தால், இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் வங்கிக்குத் தெரிவித்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள்.